ஆறு மொழி பேசும் ஃபேக்டரியில் ஒரு அரை நாள்

எங்கள் தேயிலை ஃபேக்டரி அறிவிப்புப் பலகையில் "பன்முகத்தன்மைப் பயிற்சி, சனிக்கிழமை, அனைவரும் வரவும்" என்று காகிதம் ஒட்டியபோது முதலில் சிரித்தவன் நான்தான். வெளிநாட்டுக்குத் தூள் வாங்குகிறவர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள், அதற்கு நாலு போட்டோவும் கையெழுத்துத் தாளும் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உண்மையில் காரணமும் அதுதான். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் அந்த அரை நாள் என்னை விடவில்லை. போன வாரம் நண்பர் ஒருவர் "இதெல்லாம் பெங்களூர் ஐ.டி. கம்பெனிகளின் வெட்டி வேலை" என்று எழுதியிருந்தார். சரி, நம்ம ஊர் கதையையும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் சம்பளக் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கிறவன் நான். மொத்தம் எண்பது பேர்கூடத் தேறாது. அதற்குள் தமிழ், படுக மொழி, இருளர் பேச்சு, மலையாளம், கன்னடம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் பேசும் சாத்ரி என்று ஆறு மொழி. "நமக்கு எதுக்குப்பா இந்தப் பயிற்சி, காலங்காலமா ஒண்ணாத்தானே இருக்கோம்" என்றார் மேஸ்திரி. நானும் தலையாட்டினேன்.

இந்த "ஒண்ணாத்தானே இருக்கோம்" நீலகிரிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம். தோடர் நெய் கொடுத்தார்கள், கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் செய்து கொடுத்து சாவுக்கு வந்து வாசித்தார்கள், குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள், படுகர் தானியம் அளந்தார்கள் என்று அந்தக் காலத்துப் பண்டமாற்றைச் சொல்லிப் பெருமைப்படுவோம். எல்லாம் நிஜம்தான். சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர்களைக் குடும்பத்தோடு கொன்றதும் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கிறது. அதுவும் நிஜம்தான். பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், கொடுத்து வாங்கினார்கள், அப்புறம் பயத்தில் கொல்லவும் செய்தார்கள்.

எனக்கு இன்னொரு திமிரும் இருந்தது. நான் தாயகம் திரும்பியவரின், அதாவது இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழரின், பிள்ளை. 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் என் பெயரே "சிலோன்". கபடிக்கு ஆள் பிரிக்கும்போதும் சிலோன், சத்துணவு வரிசையிலும் சிலோன். ஒதுக்கப்படுவதைப் பற்றி எனக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்றுதான் அன்று கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சிக்கு வந்த அம்மா படம் எதுவும் போட்டுக் காட்டவில்லை. பேக்கிங் ஷெட்டில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, "இங்க யாரை யாரு எப்படிக் கூப்பிடுறீங்க? அதை மட்டும் எழுதுங்க" என்றார். முதலில் எல்லாருக்கும் குஷி. பையா, இந்திக்காரன், சிலோன், காட்டான், மலையாளத்தான் என்று பலகை நிரம்பியது. "எந்தப் பேரு யாருக்கு?" என்று அவர் கேட்டபோதுதான் சத்தம் அடங்கியது. ஏனென்றால் ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஜார்க்கண்ட்காரர் ஒருவர் எழுந்து, தட்டுத் தடுமாறித் தமிழில் தன் பெயரைச் சொன்னார். எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அந்தப் பெயரை எழுதுகிறவன் நான். ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். டீ குடித்து முடித்த பிறகு அந்த அம்மா 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். பழைய சட்டத்தில் ஏழு வகைதான், இதில் 21 வகை, அதில் பல கண்ணுக்குத் தெரியாதவை என்றார். பட்டியலில் அரிவாள் அணு ரத்தசோகையும் வந்தது. வட்டத் தட்டு மாதிரி இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். குளிர், தாகம், உடம்பு அசந்துபோவது எல்லாம் அதைக் கிளப்பிவிடும். மூட்டுக்கு மூட்டு உயிர் போகிற வலி வரும் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு என் மேஜை மேல் இருக்கும் லீவு ரிஜிஸ்டர்தான் கண்ணில் வந்தது.

எங்களிடம் ஓர் இருளர் பையன் வேலை செய்கிறான். ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் வந்து சேரும் பச்சை இலை மாடியில் தொட்டிகளில் வாடி, அரைபடப் பின்னிரவு ஆகிவிடும் என்பதால் ஃபேக்டரியின் முக்கால்வாசி வேலை குளிரில்தான். ஜனவரி உறைபனியில் அவன் அடிக்கடி வர மாட்டான். மழைக்காலத்திலும் அப்படியே. அவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் "பொறுப்பில்லை" என்று எழுதியது என் கை. "காட்டுப் பசங்களே இப்படித்தான்" என்று மேஸ்திரி சொன்னபோது நான் மறுத்துப் பேசவும் இல்லை. சிலோன் என்று கூப்பிடப்பட்டவன்தான் நான்.

அன்று சாயங்காலம் அவன் என் மேஜைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து அரிவாள் அணுச் சோதனை அட்டையை எடுத்து வைத்தான்.

"ஏன் தம்பி முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா வேலைக்கு வச்சிருப்பீங்களா சார்?"

வைத்திருக்க மாட்டோம். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தியாவில் இந்த அரிவாள் அணுவை முதன்முதலில் கண்டுபிடித்துப் பதிவு செய்ததே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். எழுபது வருடம் கழித்து, அதே மலையில் உட்கார்ந்துகொண்டு, நான் சிவப்பு மை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவனைப் பகல் ஷிப்டுக்கு, பேக்கிங் பக்கம் மாற்றினோம். பெரிய தியாகம் ஒன்றும் கிடையாது, ஒரு தாளில் ஒரு வரி. இன்னும் சில நாள் வர முடியாமல் போகிறதுதான், ஆனால் முந்தின நாளே போன் வருகிறது, ஆள் மாற்றிக்கொள்கிறோம். முதலாளிகள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தை. சீசனில் இலை நமக்காகக் காத்திருக்காது. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் நின்றுபோனால் தொட்டியில் இலை கெடும், தூளின் தரம் விழும், ஏலத்தில் விலையும் விழும்.

இன்னொன்றும் நடந்தது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் பக்கத்தில் "கை வைக்காதே" என்று கொட்டை எழுத்தில் பலகை இருக்கிறது. தமிழிலும் இங்கிலீஷிலும். அந்த மிஷினில் நிற்பவர்களில் பாதிப் பேர் இரண்டையும் படிக்கத் தெரியாதவர்கள் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தோம். இப்போது படம் வரைந்து வைத்திருக்கிறோம்.

அப்புறம் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கட்டாயம் என்று 2013 சட்டம் சொல்கிறது. அவ்வப்போது விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதும் முதலாளியின் பொறுப்பு. எங்களிடமும் குழு இருந்தது, காகிதத்தில். பெயர்களை வாசித்தபோது தூள் சலிக்கும் அக்கா ஒருவர், "நானா? நான் மெம்பரா?" என்று கேட்டுவிட்டார். ஷெட்டே சிரித்தது. சிரிக்கிற விஷயமா அது?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பது வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மேலாளர்களைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்த பயிற்சியால் பெரிய பலன் இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு 9 சதவீதம் குறைந்தே போயிருந்தது என்றார்கள். நம்புகிறேன். எங்கள் மேஸ்திரி இன்றைக்கும் ஜார்க்கண்ட்காரர்களை "ஏ பையா" என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான் மாற்றம். அரை நாளில் யார் மனசும் மாறாது. மாற வேண்டும் என்று எதிர்பார்த்துப் பணம் செலவழிக்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

எனக்குக் கிடைத்த லாபம் சின்னது. ஒரு அட்டை ஒரு சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. எத்தனை வருடம் ஒன்றாக டீ குடித்திருந்தாலும் அது வந்திருக்காது; டீ குடிக்கும் நேரத்தில் நாங்கள் பேசுவது பஸ் நேரமும் இலை விலையும்தான். வேலை நேரத்தில், சம்பளம் கொடுத்து, எல்லாரையும் ஒரே தரையில் உட்காரவைத்து இதைக் கேட்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சான்றிதழ்க்காரர்கள் தெரியாமலே அதைக் கொடுத்தார்கள்.

அடுத்த பயிற்சி சீசன் முடிந்ததும். இந்தத் தடவை முதலாளியும் வந்து உட்கார வேண்டும், சாத்ரி தெரிந்த ஒருவரையும் கூட்டி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவதற்குச் சரி என்றுவிட்டார்கள். முதலாவது இன்னும் அவர் மேஜையில் இருக்கிறது.