"அங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று நாம் பாராட்டும் கல்லூரிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். "டீச்சர், பாப்பாவை ஃபாதர் காலேஜ்ல போடலாம்னு இருக்கோம். அங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாமே?" கேட்கிற குரலில் பயம் இருக்காது, நிம்மதிதான் இருக்கும். கேட்டைப் பூட்டிவிடுவார்கள், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு நாள் லீவு போட்டால் வீட்டுக்கு மெசேஜ் வந்துவிடும். பெற்றோருக்கு அது போதும். யார் பாடம் நடத்துகிறார்கள், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், மூன்று வருடத்தில் பிள்ளை எதையாவது சொந்தமாக எழுதுவாளா என்று கேட்டவர்கள் அபூர்வம்.

நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். நானே இந்தக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு சின்ன கிறித்தவக் கலைக் கல்லூரியில் படித்தவள்தான். பெயர் வேண்டாம். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி என்று பல கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் பேசுவதை வருடக்கணக்காகக் கேட்டு எனக்கு வந்த முடிவு இது: இந்தச் சின்னக் கல்லூரிகளிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள நெருக்கம். அதை முழுக்கக் காவல் வேலைக்குச் செலவழிக்கிறார்கள். படிப்புக்கு மிச்சம் வைப்பதில்லை.

நெருக்கம் என்று சும்மா சொல்லவில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் பெண் ஜனவரி, பிப்ரவரியில் முதல் பீரியடுக்குத் தாமதமாக வந்தால், கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டது என்று அவள் சொல்வதற்கு முன்பே துறைத் தலைவருக்குத் தெரியும். யாருடைய அப்பா கடலுக்குப் போகிறார், யாருடைய அம்மா முந்திரி உடைக்கப் போகிறார், யாருக்கு அண்ணன் படிப்பை விட்டுவிட்டான், எல்லாம் தெரியும். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு ஒரு மேடமோ சிஸ்டரோ சத்தமில்லாமல் கட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிற பிள்ளைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் உதவும். ஆனால் "ஏன்மா முகம் வாடியிருக்கு" என்று கேட்க ஆள் வேண்டுமே. பெரிய கல்லூரியில் அந்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

சரி, இவ்வளவு தெரிந்த ஆசிரியர் அதை வைத்து என்ன செய்கிறார்? துப்பட்டாவில் பின் குத்தியிருக்கிறதா, தாடி எடுத்தாயா, ஐ.டி. கார்டு எங்கே, அந்தப் பையனோடு கேன்டீனில் ஏன் நின்றாய். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டொனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம், கட்டு. கல்லூரியே போடும் இன்டர்னல் 25 மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது, அது கையிலிருக்கும் பிரம்பு. ஒரு பையனிடம் "வகுப்பில் சந்தேகம் கேட்கலாமே" என்றேன். "கேட்டா எதிர்த்துப் பேசுறான்னு எடுத்துக்குவாங்க மிஸ், இன்டர்னல்ல கை வைச்சிடுவாங்க" என்றான். உண்மையில் கை வைப்பார்களோ இல்லையோ, அவன் அப்படி நம்புகிறான். அந்த நம்பிக்கையோடு மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இத்தனைக்கும் நம் பாடத்திட்டம் மோசமானது இல்லை. தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்ஸி. படிப்பில் ஐந்து பகுதிகள் உண்டு. முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், நான்காவதில் வேறு துறைப் பாடம், சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, ஐந்தாவதில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி வேலைகள். வேதியியல் படிக்கிறவள் தமிழும் படிக்கிறாள், வரலாற்றுத் துறையில் போய் ஒரு பேப்பரும் எடுக்கிறாள். சோனிப்பத்திலும் பெங்களூருவிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் வருடத்துக்குப் பல லட்சம் வாங்கிக்கொண்டு, 'எங்களிடம் வாருங்கள், எல்லாத் துறையையும் தொட்டுப் பார்க்கலாம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் எலும்புக்கூடு நம் பஸ் பாஸ் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. சதை போடத்தான் ஆளில்லை. நான்காம் பகுதி என்றாலே 'அது பாஸ் ஆனா போதும்' என்று பிள்ளைகளுக்கும் தெரியும், நடத்துகிறவருக்கும் தெரியும்.

சுற்றுச்சூழல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி, பிறகு நாடு முழுக்கக் கல்லூரிகளுக்குள் வந்த பாடம் அது. கடலூரில் அதை எப்படி நடத்த வேண்டும்? ஓ.டி.யைத் தாண்டிச் சிதம்பரம் ரோட்டில் போனால் சிப்காட், ரசாயனத் தொழிற்சாலைகள் உள்ள தொழிற்பேட்டை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள், அவ்வளவு வாடை. பக்கத்திலேயே உப்பனாறு. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கத்து ஜனங்கள் 2004 வாக்கில் தாங்களே பயிற்சி எடுத்து, வாளியை வைத்துச் செய்த கருவியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். படிக்காத பெண்களும் அதில் இருந்தார்கள். எந்த நேரத்தில் என்ன வாடை வந்தது, யாருக்குக் கண் எரிந்தது என்று குறித்து வைத்தார்கள். அறிவியல் என்றால் இதுதானே? ஆனால் அதே ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளை "காற்று மாசு: வரையறை, காரணங்கள், விளைவுகள், கட்டுப்படுத்தும் முறைகள்" என்று கைடைப் பார்த்து மனப்பாடம் செய்கிறாள். உதாரணத்துக்கு டெல்லியை எழுதுகிறாள்! வேதியியல் ஆய்வகம் மாடியில் இருக்கிறது, உப்பனாறு பஸ் தூரத்தில் ஓடுகிறது. ஒரு செமஸ்டர் முழுக்கப் பத்துப் பிள்ளைகள் வாரம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து பி.எச்., உப்பு, கரைந்த ஆக்சிஜன் பார்த்து எழுதி வைத்தால் அது பத்துப் புத்தகத்துக்குச் சமம். "கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள்" என்று ஒரு ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

வரலாற்றுத் துறை கதையும் இதேதான். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் போன 1746-க்குப் பிறகு சில வருடங்கள் ஆங்கிலேயருக்கு இங்கேதான் தலைமையிடம். அரியாங்குப்பத்தைத் தாண்டினால் அரிக்கமேடு, 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டிய இடம். இரண்டையும் பார்க்காமல் பி.ஏ. வரலாறு முடித்தவர்கள் என்னிடம் வரிசையாக வந்திருக்கிறார்கள். டூர் மட்டும் ஊட்டிக்கு.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது மதிப்புக் கல்வி வகுப்புதான். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நன்னெறி என்றால் நேர மேலாண்மை, தன்னம்பிக்கை, பெற்றோரை மதித்தல். அரை மணி நேரம் கழித்து "சத்தம் போடாம ரெக்கார்டு எழுதுங்க". நான் சைவக் குடும்பத்துப் பெண். காலைச் செபம், கிறிஸ்துமஸ் குடில் போட்டி எல்லாம் எனக்குப் பிடித்தவை. குடில் கட்டுவதில் முன்னால் நிற்பது பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள்தான், இதை எந்த ஃபாதரைக் கேட்டாலும் சொல்வார். இவ்வளவு கலந்து பழகும் இடத்தில் 'நீ எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய்' என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. அது சண்டையாகிவிடும் என்று பயம்.

நம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. திருநாவுக்கரசர் அங்கே சமணம் கற்று, தருமசேனர் என்று பெயர் பெற்று, பிறகு சைவத்துக்குத் திரும்பினார் என்பது மரபு. ஒரு மனிதர் ஒரு நம்பிக்கையில் தலைமை இடம் வரை போய், அதை விட்டு வேறொன்றுக்கு வந்த கதை நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிடக்கிறது. இந்தப் பக்கம் வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கினார். சாதி, சமயச் சடங்கு எல்லாம் வேண்டாம், பசியை முதலில் பார் என்றவர். பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இவர்களையும் மலைப்பிரசங்கத்தையும் ஒன்றாக வைத்துப் பேச, கிறித்தவக் கல்லூரியை விட வேறு எந்த இடம் பொருத்தம்?

பேசினால் என்ன ஆகிவிடும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் வேலூர் வூரீஸ் கல்லூரியிலும் பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். இந்து சமயத்தைப் பற்றி அங்கே வைக்கப்பட்ட விமர்சனம் அவரைக் குத்தியது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே எம்.ஏ. ஆய்வேட்டை எழுதினார். 1908-இல் அது அச்சிலும் வந்தது. அவருடைய பேராசிரியர் ஏ.ஜி.ஹாக், மிஷனரி, அந்த ஆய்வேட்டைப் பாராட்டி நற்சான்று கொடுத்தார். மாணவன் எதிர்த்து எழுதுகிறான், ஆசிரியர் மெச்சுகிறார். இன்டர்னலில் கை வைக்கவில்லை.

வூரீஸ் கல்லூரியை நடத்தியது அமெரிக்க சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷன். அதே சபையோடு சேர்ந்த ஹோப் கல்லூரி என்று மிச்சிகனில் ஒன்று இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாதிரிச் சின்ன கிறித்தவக் கலைக் கல்லூரிகள் நிறைய. அங்கே எல்லாம் சுதந்திரம் என்று நினைக்க வேண்டாம். சில கல்லூரிகளில் வாராந்திர வழிபாடு கட்டாயம், மது தொட மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். கண்டிப்பில் நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் வகுப்பில் சின்னக் குழுவாக உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள், ஆசிரியர் தன் அறையில் இன்ன நேரம் இருப்பேன், வந்து கேள் என்று எழுதி ஒட்டுகிறார். கடைசி வருடம் பலரும் சொந்தமாக ஓர் ஆய்வு செய்கிறார்கள். காசுக்கார நாடு, ஒப்பிடக் கூடாது என்பீர்கள். கதவில் நேரம் எழுதி ஒட்ட என்ன காசு?

காசு வேறொரு இடத்தில் வேண்டும், அதையும் சொல்கிறேன். ஆசிரியர்களைத் திட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு சம்பளம் வாங்கும் இடங்களைத் தவிர்த்து, சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களின் சம்பளம் வெளியே சொல்லக் கூசும் அளவு. பிஎச்.டி. முடித்தவர் அந்தச் சம்பளத்தில் தினமும் நான்கு வகுப்பு எடுத்து, கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் குழுவுக்கு ஃபைல் எழுதி, போட்டோ ஒட்டி, மே மாத வெயிலில் குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி என்று ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கவும் வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய் உப்பனாற்றுத் தண்ணீர், அப்பர் சுவாமிகள் என்று நான் பேசினால் என்னைத்தான் அடிக்க வருவார். துப்பட்டா பின்னைப் பார்ப்பது ஐந்து நொடி வேலை. ஒரு மாணவியின் கட்டுரையைப் படித்து ஓரத்தில் நான்கு வரி எழுதித் தர அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியை நிர்வாகம்தான் வாங்கித் தர வேண்டும். புது ஆர்ச், புது ஆடிட்டோரியம், ஏ.சி. செமினார் ஹால் என்று திறப்பு விழா அழைப்பிதழ்கள் வருகின்றன. அதில் ஒன்றைத் தள்ளிப் போட்டு, துறைக்கு ஒரு அலுவலக உதவியாளரைப் போட்டு ஃபைல் வேலையை அவரிடம் கொடுங்கள் ஃபாதர்.

பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது ஸ்ட்ரிக்ட்டா என்று கேட்காதீர்கள், அது தானாகவே இருக்கும். போன வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் செய்த ப்ராஜெக்ட் தலைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு நூலகம் பக்கம் நடந்து போய் உள்ளே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். பிள்ளையையும் கூடவே கூட்டிப் போங்கள், கேள்வியை அவள் கேட்கட்டும்.