கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா?

அமேசான் காட்டில் ஒருவர் இலை போன்ற பூச்சியைக் குச்சியால் குத்தி இறக்கையை விரிக்க வைக்கும் அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். நான் போட்ட ஒரு வரி கமெண்டுக்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்துவிட்டேன்.

திரும்பவும் அதையேதான் சொல்கிறேன்: அந்தப் பூச்சியைக் குச்சியால் குத்தியிருக்கக் கூடாது.

அது மயில் கேட்டிடிட். 1758-லேயே இயற்கை விஞ்ஞானி லின்னேயஸ் பெயர் வைத்த, இலை வேஷம் போடும் வெட்டுக்கிளி. இறக்கையில் நரம்பு ஓடும், ஓரம் காய்ந்திருக்கும், பூஞ்சை பிடித்தாற்போலத் திட்டு இருக்கும். பகலெல்லாம் அசையாமல் கிடப்பதுதான் அதன் பிழைப்பு. ஒளிந்தது பலிக்கவில்லை, இனி உயிருக்கு ஆபத்து என்றால்தான் இறக்கையைத் தூக்கி அந்த இரண்டு கண் புள்ளிகளைக் காட்டி மிரட்டும். நம்ம ஆளோ, "பாருங்க மக்களே, ஹாய் சொல்லுது!" என்கிறார். ஹாயாம்!

"நீ கொசு அடிக்க மாட்டியா?" என்று கமெண்டில் கேட்கிறீர்கள். அடிப்பேன். அது என்னைக் கடிக்கிறது.

"வீடியோ எடுக்காவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்?" சரி, நியாயமான கேள்விதான். ஆனால் இலையோடு இலையாக அது உட்கார்ந்திருந்ததை வேகமாக ஓட்டிவிட்டு, குத்தியதை மட்டும் ஸ்லோ மோஷனில் போட்டது ஏன்?

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், கேட்டிடிட்களின் பாட்டைக் கேட்டே தேடி வந்து கவ்விப்போகும் வவ்வால்கள் உண்டு. அந்தக் காடுகளில் பல கேட்டிடிட் இனங்கள் பாட்டைக் குறைத்துக்கொண்டு, உட்கார்ந்த செடியை உலுக்கித் துணையைக் கூப்பிடுகின்றன. அவ்வளவு பயந்து வாழ்கிற ஜீவனிடம் போய், 'ஆடிக் காட்டு' என்கிறோம்.

சின்ன வயதில் விருந்தாளி வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். பெரியப்பா இழுத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்துவார். "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு." பாடாவிட்டால் விலாவில் விரலால் ஒரு குத்து. நான் துள்ளுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். கூச்ச சுபாவமாம்! இன்றைக்கும் ஆபீஸில் ஓரமாக நின்றால், "என்ன, பெரிய இவனா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒதுங்கி இருப்பவனைக் குத்திப் பார்க்காவிட்டால் நமக்குத் தூக்கம் வராது போல.

"பூச்சியோடு உன்னை ஒப்பிட்டுக்கொள்கிறாயா?" ஆமாம். அதற்கும் சிரிப்பு எமோஜி போடுங்கள்.

இனி அந்த வீடியோவை அனுப்புகிறவர்களை பிளாக் செய்யப்போகிறேன். பெரியப்பா, காலையில் குடும்ப குரூப்பில் போட்டீர்களே, உங்களையும்தான்.