அந்த அண்ணன் கையிலிருந்த தழும்புக்கு நம்மூர் ஸ்டேஷனில் செக்ஷன் இல்லை

1986 வாக்கில் வேதாரண்யத்தில் எங்கள் புகையிலைக் கொல்லையில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் வேலை பார்த்தார். கோடியக்கரையில் படகிறங்கியவர். அவர் ஊரிலும் புகையிலைதான் என்பதால் இலைப் பக்குவம் அப்பாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டார். ஒருநாள் இறைப்பு முடிந்து கை கழுவும்போது சட்டையை மடக்கினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வட்ட வட்டமாகத் தழும்பு. சிகரெட்டால் சுட்டது. வரிசை பிசகவில்லை, நிதானமாக வைத்திருக்கிறான்.

"யாருண்ணே இப்புடிப் பண்ணுனது?"

"பேர் தெரியாது தம்பி. ஆனா ஆளை எங்க கண்டாலும் சொல்லிப்போடுவன்."

அப்படிக் கண்டுகொண்டவர் சிரியா வழக்கறிஞர் அன்வர் அல்-புன்னி. 2006-ல் தன்னைப் பிடித்துப்போன அதிகாரியை 2014-ல் பெர்லின் அகதிகள் விடுதி அருகே பார்த்தார். எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது, யாரென்று பிறகுதான் பிடிபட்டது. அந்த அதிகாரி அன்வர் ரஸ்லான், டமாஸ்கஸில் உளவுத்துறையின் 251-ஆம் கிளையில் விசாரணைப் பிரிவுத் தலைவராக இருந்தவர். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சித்திரவதை நடந்தது சிரியாவில், அடித்தவரும் அடிபட்டவர்களும் சிரியாக்காரர்கள். தீர்ப்பு மட்டும் ஜெர்மனியில். அதற்கும் முன்பே, 2005-ல் லண்டன் நீதிமன்றம் ஆப்கன் தளபதி ஃபர்யாதி சர்தாதுக்கு, அவர் ஊரில் செய்த சித்திரவதைக்காக 20 ஆண்டு சிறை கொடுத்திருக்கிறது.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் திருநள்ளாற்றுக்கும் இலங்கையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் அண்ணன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார் என்று வையுங்கள். ஸ்டேஷனுக்கு ஓடுவார். ஏட்டு நல்லவராகவே இருக்கட்டும், எந்தச் செக்ஷனில் எஃப்.ஐ.ஆர். போடுவார்? வெளிநாட்டு மண்ணில் நடந்த இப்படிப்பட்ட குற்றத்துக்கு நம் சட்டம் பொதுவாகக் கை நீட்டுவது, செய்தவன் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான். 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் வெளிநாட்டானையும் தொடும். ஆனால் அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானது. அதிலும் அரசாங்கமே புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்கும். சாயங்காலம் சாமி கும்பிட்டுவிட்டு அவன் கப்பலேறிப் போய்விடுவான்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை சொல்வது எளிமையானது: சித்திரவதை செய்தவன் உன் மண்ணில் இருந்தால், ஒப்படை, இல்லையென்றால் நீயே வழக்கை நடத்து. 1997-ல் இந்தியா கையெழுத்துப் போட்டது. இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக்குழுவுக்குப் போய், அப்படியே காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் புதிய வரைவே எழுதிக் கொடுத்தது. இலங்கையே 1994-ல் தனிச்சட்டம் போட்டுவிட்டது! அங்கே அது எப்படி நடக்கிறது என்பது வேறு கதை.

ஏன் தயக்கம் என்று யோசித்தால் எனக்கு, போலீஸ் அடியில் அப்பாவும் மகனும் செத்த சாத்தான்குளம்தான் நினைவுக்கு வருகிறது. கொழும்பிலிருந்து வருபவனைக் கூண்டில் ஏற்றும் சட்டம், நம்மூர் லாக்கப்பில் லத்தி எடுப்பவனையும் ஏற்றும். அதுதான் பயம்.

அண்டை நாட்டு உறவு கெடும், பொய்ப்புகார் வரும் என்பார்கள். பொய்ப்புகாரைப் பிரிக்கத்தான் நீதிமன்றம். கோப்லென்ஸில் ஒன்றே முக்கால் வருஷம் சாட்சி கேட்டார்கள். உறவைக் காட்டி நம் மீனவனுக்கும் இத்தனை வருஷம் வாய்தாதானே கொடுத்தோம்?

எங்கள் எம்.பி.க்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டே கேள்வி. சட்ட ஆணையம் கொடுத்த அந்த வரைவு இப்போது எந்த மேசையில் இருக்கிறது? இந்திய மண்ணில் கால்வைக்கும் வெளிநாட்டானையும் விசாரிக்கும் பிரிவு அதில் இருக்க வேண்டுமென்று அவையில் கேட்பீர்களா? பதில் வந்தால் இங்கேயே முழுதாகப் போடுகிறேன். நாகை, தஞ்சை, மயிலாடுதுறைக்காரர்கள் நீங்களும் ஆளுக்கொன்று எழுதுங்கள்.