பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் இருந்த ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். பார்க் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்ததும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பார்க் ஸ்டேஷன்னு பேரு வெச்சிருக்காங்களே, பார்க் எங்கடா?"

எதிரே ரிப்பன் மாளிகை, பக்கத்தில் சென்ட்ரல். "நீ பார்க்கிற இந்த இடத்துல பாதி ஒரு காலத்துல பார்க்தாம்மா" என்றேன். அம்மா நம்பவில்லை.

நிஜம்தான். 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியால் உருவானது பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர். இன்றைய ஜார்ஜ் டவுன் பக்கம் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் காற்று வாங்குவதற்கென்று குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு வாசிக்க ஒரு மேடை, கூடவே விலங்குக் காட்சிசாலை. பார்க் டவுன் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

அது எப்படிப் போயிற்று என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1880களில் விக்டோரியா ஹாலுக்கு ஒரு துண்டு. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1913-இல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டு அரங்கம். 1985-இல் விலங்குகள் வண்டலூருக்குப் போயின. அதே வருடம் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது, அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழும்பியது. கடை இழந்த வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். அல்லிக்குளம் என்பது அந்தப் பூங்காவின் குளங்களில் ஒன்று. இப்போது பெயரில்தான் குளம். மிச்சம் என்று சொல்ல ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு திருடனைக் காட்டுங்கள் பார்ப்போம். மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டாமா? பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டாமா? வியாபாரிகள் பிழைக்க வேண்டாமா? எல்லாமே ஊருக்குத் தேவையானவை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு நல்ல மனிதர், "இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு" என்று சொல்லியிருப்பார். எனக்குப் பயம் அந்த 'சும்மா' என்ற சொல்மேல்தான்.

ஏனென்றால் அதையே எங்கள் தெருவிலும் கேட்டேன்.

நாங்கள் குடியிருப்பது புறநகரில் ஒரு மனைப்பிரிவு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது, சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். எங்களுக்கு வந்தது சுமார் ஐந்து கிரவுண்டு. பல வருடம் அதில் இருந்தது வேலிகாத்தான் புதரும், வீடு இடித்த செங்கல் குப்பையும்தான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒருவர் கார் நிறுத்தலாம் என்றார். இன்னொருவர் சின்னதாக ஒரு ஹால் கட்டினால் காதுகுத்து, வளைகாப்புக்கு ஆகும் என்றார். மூன்றாமவர் தண்ணீர்த் தொட்டி கேட்டார். யாருமே கெட்டவர்கள் இல்லை. "சும்மாதானே சார் கிடக்கு" என்றார்கள். என்ன பதில் சொல்வதென்று எனக்கு அன்று தெரியவில்லை.

பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், புதர் இல்லாத மூலையில் போட்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார். தினமும். ஒரு வாரம் கழித்து இன்னொரு நாற்காலி வந்தது. அப்புறம் பையன்கள் ஸ்டம்ப் நட்டார்கள். மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் குப்பை வண்டிக்காரருக்குக் கொட்ட மனம் வரவில்லை. இரண்டே மாதம், கார் நிறுத்தும் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

சட்டமும் நம் பக்கம்தான். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காக்க இங்கே 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன்படி பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. உங்கள் பகுதி இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். போன நிலமும் சில சமயம் திரும்பி வரும். டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடம்தான் 2010 முதல் செம்மொழிப் பூங்கா. ஆனால் சட்டம் இருந்தும், போய் உட்கார ஆள் இல்லாத இடத்துக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

அதனால்தான் பூட்டிய கதவைப் பார்த்தால் கோபம் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நன்றாகப் பராமரிக்கிற பூங்கா ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு மூடினால் மாலை நாலுக்குத்தான் திறப்பார்கள். சித்திரை வெயிலில் நிழல் தேவைப்படுகிற நேரமே அதுதான்! சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்களும் தூய்மைப் பணியாளர் அக்காக்களும் பூங்காச் சுவருக்கு வெளியே, நடைபாதையில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள். உள்ளே தூங்குமூஞ்சி மரத்தடியில் பெஞ்ச் காலியாக இருக்கிறது. 'பந்து விளையாடக் கூடாது', 'புல்லில் உட்காரக் கூடாது' என்று பலகைகள் வேறு. வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டும்தான் பூங்காவா? பேச இடமில்லாத இளம் ஜோடிகளும் வரட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் இடத்தில் புங்கை, பூவரசு, மகிழம், நாவல் என்று பதினெட்டுக் கன்று வைத்தோம். முதல் கோடையில் ஐந்து போயிற்று. சருகை எரிக்காமல் ஒரு குழியில் போடுகிறோம், அதுவே உரம். பேவர் பிளாக் போட வேண்டும் என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள், சேறு ஆகிறதாம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. எங்கள் தெருவில் மழைத் தண்ணீரைக் குடிக்கிற மண் அது ஒன்றுதான். நடக்க ஒரு ஒற்றையடிப் பாதைக்குச் செம்மண் கொட்டிக் கெட்டிப்படுத்தலாம், மீதியை மண்ணாகவே விடலாம்.

அம்மாவை ஊருக்கு அனுப்புவதற்கு முந்தின சாயங்காலம் அங்கே கூட்டிப்போனேன். வாத்தியார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அம்மா மகிழங்கன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தி இன்னும் அகலமா வெட்டணும்டா, தண்ணி வேருக்கு நிக்கல" என்றார்.

இந்த ஞாயிறு காலை ஆறரைக்குப் பாத்தி வெட்டுகிறோம். மண்வெட்டி இரண்டு இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் யாராவது இன்னொன்று கொண்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.