எனது குடும்பத்தில் எத்தனை பேர்?

தரம் 6-க்கு ‘எனது குடும்பம்’ என்று கட்டுரை கொடுத்தால் எல்லாக் கொப்பியிலும் முதல் வசனம் ஒன்றுதான்: எனது குடும்பத்தில் இத்தனை பேர் உள்ளனர். கிளிநொச்சியில், முல்லைத்தீவில் சில பிள்ளைகளுக்கு அந்த ‘இத்தனை’யில் பேனை நின்றுவிடும். காணாமல் ஆக்கப்பட்ட சித்தப்பாவின் படம் சுவரில் இருக்கிறது. மாலை போடவில்லை, போட்டால் அவர் இல்லை என்று அப்பம்மா ஒத்துக்கொண்டதாகிவிடும். அவரை எண்ணுவதா, விடுவதா? ரீச்சர் சுற்றி வரும்போது கொப்பி வெறுமையாக இருக்கும். ‘கவனம் போதாது’ என்று தேர்ச்சி அறிக்கையில் ஏறும்.

“இதுகள் 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு பிறந்ததுகள், இதுகளுக்கு என்ன மன நெருக்கீடு?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் வந்தால் அம்மாவுக்கு ஏன் நித்திரை இல்லை என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. கேட்கக் கூடாது என்பது மட்டும் பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் கேட்காமல் பழகிய பிள்ளை வகுப்பிலும் கேட்காது. விளங்காத பின்னக் கணக்கையும் விளங்கின மாதிரி வைத்துக்கொண்டிருக்கும். அன்று பன்னிரண்டு வயதில் பங்கருக்குள் இருந்தவர்தான் இன்று வெண்கட்டியோடு நிற்கும் ரீச்சர் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதற்காக “உனக்கு நடந்ததை எழுது” என்று சொல்வது அதைவிட மோசம். எழுதினால் பாரம் இறங்கும் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. நன்மை தெரிந்தது மாதங்கள் கழித்து. அவர்கள் வளர்ந்தவர்கள். எங்களிடம் இருப்பது பதினொரு வயதுப் பிள்ளை, ஒரேயொரு பாடவேளை. மணி அடித்தால் கணித சேர் வந்துவிடுவார்.

கையிலேயே நல்ல கருவி இருக்கிறது: புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. தந்தை எப்படிச் செத்தார் என்று அதில் இல்லை, அழுகிறோம் என்ற சொல்லும் இல்லை. மாறாத ஒரு பொருளை வைத்து மாறியதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நாங்களோ அதைத் ‘திணை பொதுவியல், துறை கையறுநிலை’ என்று பாடமாக்க வைத்து முடித்துவிடுகிறோம்.

மூன்று தரம் உரத்து வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். பிறகு மாறாத பொருள் ஒன்றைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும்: கிணறு, பனை, தண்ணீர்த்தாங்கி, பஸ் தரிப்பிடம். இரண்டு வரி ‘அண்டைக்கு’ (அன்றைக்கு), இரண்டு வரி ‘இண்டைக்கு’ (இன்றைக்கு). பன்னிரண்டு நிமிடம் போதும். சாவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றில்லை. வெட்டிய மாமரமோ தொலைந்த சைக்கிளோ போதும். எவ்வளவு ஆழத்துக்கு இறங்குவது என்பது பிள்ளையின் கையில்.

‘அண்டைக்கு’வைச் சிவப்புப் பேனையால் வெட்டாதீர்கள். பாரி மகளிர் பாட்டில் வரும் ‘அற்றை’யும் அதுவும் ‘அன்று’ என்ற ஒரே சொல்லின் வழி வந்தவை. சோதனைக்குரிய எழுத்துத் திருத்தத்தை மற்ற நாள், இரண்டாம் பிரதியில் பாருங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அதே சொல்லை ‘அன்னைக்கு’ என்று எழுதும். வகுப்புச் சிரிக்கும், சில வேளை ரீச்சரும். ‘அண்டைக்கு’வை விட்டுவிட்டு ‘அன்னைக்கு’வை மட்டும் திருத்தும் பேனைக்கும் இலக்கணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுதாது, அவ்வளவுதான்.

எழுதும்போது பிள்ளை உறைந்து யன்னலையே பார்த்தால் எல்லோர் முன்னாலும் “என்ன நடந்தது?” என்று கேட்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்கவிட்டு, கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். தாள் பிள்ளையிடமே இருக்கட்டும். வாசிக்க விருப்பமில்லை என்றால் காரணம் கேட்க வேண்டாம். வீட்டில் யாராவது துன்புறுத்துவதாக எழுதிக் காட்டினால் ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிறுவர் உதவி இலக்கம் 1929. நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் குழம்பினால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அது தமிழ்ப் பாடத்தால் ஆகிற காரியமில்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது மேடைதான். நல்ல கவிதை ஒன்று கிடைத்ததும் பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளையைத் தயார்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். சபை அழும், கைதட்டும். அடுத்த வருடமும் அதையே கேட்பார்கள். பிறகு பிள்ளை தன் கிணற்றைப் பார்த்து எழுதாது, சபை எந்த வரியில் அழும் என்று பார்த்து எழுதும்.

அதிபர் புள்ளி கேட்டால் பத்துக்குப் போடுங்கள். ஒரே பொருள் இரண்டு பகுதியிலும் வந்தால் ஐந்து, எது மாறியது என்று தெரிந்தால் ஐந்து. சோகத்துக்குப் புள்ளி கிடையாது. வெட்டிய மாமரத்துக்கும் பத்துக்குப் பத்து வரலாம்.