என்மேல் சோதனை நடத்துங்கள், சொல்லிவிட்டு நடத்துங்கள்

என் போனில் இருக்கும் செய்தி ஆப்புக்கு நான் வியாசர்பாடிக்காரன் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. காலையில் திறந்தால் ஒரு அரிவாள் வெட்டு, ஒரு கஞ்சா பறிமுதல், 'பிரபல ரவுடி' யாராவது கைது. 2025-இல் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்ற செய்தி அதில் வரவே இல்லை. பக்கத்துத் தெரு அண்ணன் வாட்ஸப்பில் அனுப்பித்தான் பார்த்தேன்.

ஆப் நடத்துகிறவர்களைக் கேட்டால், "ஜனங்க அதைத்தான் சார் கிளிக் பண்றாங்க" என்பார்கள். காட்டினதைத்தானே கிளிக் பண்ண முடியும்? காட்டாத செய்தியை நான் படித்திருப்பேனா என்று எந்தக் கிளிக் கணக்கிலும் இருக்காது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் ஆராய்ச்சிக்கென்று வெளியிட்ட 'மைண்ட்' என்ற தரவுத் தொகுப்பில் பத்து லட்சம் வாசகர்கள் எந்தச் செய்தியைக் கிளிக் பண்ணினார்கள் என்ற பதிவுகள் இருக்கின்றன. அதற்கும் இதே குறைதான். நிஜ வாசகர் முன்னால் செய்திகளை வேறு மாதிரி அடுக்கிப் பார்த்தால் ஒழிய இதற்கு விடை கிடையாது.

அப்படி அடுக்கிப் பார்க்கும் வசதி பெரிய கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. ஃபேஸ்புக் 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் ஃபீடில் சந்தோஷமான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. அவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2014-இல் ஆய்வுக்கட்டுரை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்து நாறியது. (இதையும் ஃபேஸ்புக்கிலேயே எழுதுகிறேன். வேறு எங்கே போய் எழுத?)

அதனால்தான் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் முன்நின்று நடத்தும் 'பாப்ராக்ஸ்' எனக்குப் பிடித்திருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் செய்திகளை ஆளுக்கேற்ப தேர்ந்தெடுத்து தினமும் மெயிலில் அனுப்புகிறார்கள். இது ஆராய்ச்சி என்று தெரிந்து, சம்மதம் கொடுத்துத்தான் வாசகர் சேர்கிறார். வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் யாருக்கு எந்தச் செய்தி என்று தேர்ந்தெடுக்கும் தன் முறையை அந்த வாசகர்களிடமே சோதித்துப் பார்க்கலாம். தனியாக ஆள் திரட்ட வேண்டியதில்லை.

ஒரே வாசகர்களைப் பல ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் வைத்துக்கொண்டால் வரும் தகராறு, தெருக்குழாயில் குடம் போட்டு வளர்ந்தவனுக்குத் தெரியாததில்லை. ஒருத்தர் ஒரு மாதம் கிரிக்கெட்டாகவே அனுப்பிவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் கைக்குக் கிடைக்கும் கிளிக் வரலாறு முழுக்க கிரிக்கெட்டாகத்தான் இருக்கும். ஆகவே எந்த வாசகர் எந்தச் சோதனையில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும், பழைய முறையிலேயே ஒரு குழுவை ஒப்பிடுவதற்காக விட்டுவைக்க வேண்டும். முதல் வரிசையில் எதை வைத்தாலும் கிளிக் விழும் என்பது இன்னொரு தலைவலி. மெயில் திறந்தாரா என்ற கணக்கையும் நம்ப முடியாது. 2021-லிருந்து ஆப்பிள் மெயிலில் ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறது. அதை வைத்திருப்பவர் திறக்காவிட்டாலும் திறந்த மாதிரி பதிவாகும். கடைசியில் ஆளிடமே கேட்டுத்தான் ஆகவேண்டும். அதையும் அடிக்கடி கேட்டால் எரிச்சலாகி விலகிவிடுவார்.

இதைத் தமிழில், எங்கள் பக்கம் ஆரம்பிக்கலாம் என்கிறேன். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலிருந்து விருப்பப்பட்டவர்களைச் சேருங்கள். பாதிப்பேருக்கு இப்போதைய கிளிக் கணக்குப்படி, மீதிப்பேருக்கு கட்டாயம் இரண்டு உள்ளூர் விஷயமாவது கலந்து அனுப்புங்கள். மாதக் கடைசியில் கிளிக்கை எண்ணாதீர்கள். "எண்ணூர்ப் பக்கம் இந்த மாசம் என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தது, அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. இதெல்லாம் இங்கே இருப்பவனுக்கு மூச்சு விஷயம். கிளிக் வருமா வராதா என்று பார்த்துப் போடுகிற செய்தியா இது?

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. அதைக் காட்டி யாரும் கேட்காமல் இறங்கிவிடக் கூடாது. சம்மதப் படிவம் தமிழில், அதுவும் படித்தால் புரிகிற தமிழில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது முதல் வரியில் வரட்டும்.

"நம்ம ஜனங்க இதுக்கெல்லாம் சேருவாங்களா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணப் பணம் எப்போது வரும் என்ற ஒரு வரிச் செய்திக்காக எத்தனை பேர் போனைத் துழாவுகிறார்கள் என்று அவர் பார்த்ததில்லை. அந்த வரியைத் தேடாமலே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், சேர்வார்கள்.