கையெழுத்துப் போட மாட்டேன்

பயிற்சி மையத்தின் பெற்றோர் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லிவிட்டு, பதினொன்றேகாலுக்குத்தான் மைக்கைத் தட்டினார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் இது எந்தக் கூட்டம் என்று தெரியும். ஆளுக்கொரு உறுதிமொழித் தாள் கொடுத்தார்கள். ஏழாவது வரி: "இரண்டு ஆண்டுகளுக்குக் கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதற்கும் பிள்ளையை அழைத்துச் செல்ல மாட்டேன்."

துக்கத்துக்கும்! அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். கீழே என் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. என் அம்மாவுக்கு வயது 82. இரவில் பேத்தி வந்து போர்வையை இழுத்துவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்தத் துக்கம் எந்த வீட்டில் விழும் என்று இதை எழுதியவருக்கு உறைக்கவே இல்லையா? பக்கத்து நாற்காலிக்காரர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் மீதும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து ஒரு பேச்சாளர். "உறவைத் துறந்தவன்தான் சாதித்தான். கணித மேதை ராமானுஜனைப் பாருங்கள், மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்!" கைதட்டல் வேறு.

பார்க்கத்தானே சொன்னீர்கள், முழுதாகப் பாருங்கள். 1914இல் கப்பல் ஏறியவர், போர்க்கால இங்கிலாந்தில் தானே பொங்கித் தின்று, உடம்பு சீரழிந்து, 1919இல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். நேரத்துக்குச் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, வலித்த காலுக்கும் நெஞ்சுக்கும் ஒத்தடம் வைத்தவர் அவர் மனைவி ஜானகி. அந்த ஓராண்டில், அந்தப் படுக்கையில்தான் 'மாக் தீட்டா' என்கிற புதுவகைக் கணிதச் சார்புகள் பிறந்தன. உலகம் இன்றுவரை வியக்கிற அந்தக் கணக்கு, மனைவி பக்கத்தில் இருந்தபோது வந்தது. 1920 ஏப்ரலில், 32 வயதில் அவர் போய்விட்டார். ஜானகி திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமை வரை வைத்திருந்தார். 1994 வரை வாழ்ந்தார். அந்த 74 வருடத்தையும் ஒரே வாக்கியத்தில் விழுங்கிவிட்டுக் கைதட்டல் வாங்குகிறார் இவர்!

கேட்கலாம் என்று எழுந்தேன். "நேரமாகிவிட்டது, தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்தால், வண்டி நிறுத்தியதற்கு 30 ரூபாயாம். சீட்டு கேட்டேன். சீட்டெல்லாம் கிடையாதாம்! லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்பதற்கு எதற்கய்யா 30 ரூபாய்?